தோட்டக் கேள்வி–பதில்: வீட்டுக்குள் செவ்வந்தி, மொட்டிலிருந்து மலர் வரை

செவ்வந்தியை வீட்டுக்குள், வெளிச்சம் புகாத துணிக் கூடாரத்தில் வைத்து, விளக்கைக் கொண்டு நாம் விரும்பும் மாதத்தில் பூக்க வைக்கலாம் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்தப் பக்கங்களுக்குப் போதுமானவை. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறோம். சிலர் இதை வேறு பூவோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் பேசுவது மாலைக்கும் அர்ச்சனைக்கும் வைக்கும் செவ்வந்தி, சிலர் சாமந்தி என்பார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் மேரிகோல்டு என்று மூட்டை மூட்டையாக விற்கும் துலுக்கச் சாமந்தி வேறு செடி. அதற்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம், நல்ல வெயில் இருந்தால் பூத்துவிடும்.

டிசம்பரில் என் செவ்வந்தி மொட்டு வைத்தது. மொட்டு பட்டாணி அளவுக்குக்கூட வரவில்லை, அப்படியே நின்றுவிட்டது. மொட்டைச் சுற்றிப் புதுக் கிளைகள் கிளம்புகின்றன. உரம், தண்ணீர் எதிலும் குறை வைக்கவில்லை. என்ன நோய் இது?
– லெனேசியா வாசகி

நோய் இல்லை அம்மா. உங்கள் செடி பகல் நீளக் கணக்கில் ஏமாந்திருக்கிறது.

செவ்வந்தி இரவு நீளும்போது பூக்கும் செடி. பழைய ரகங்களை வைத்துச் செய்த சோதனைகளில் இரண்டு எல்லைகள் தெரிந்தன. பகல் நீளம் சுமார் 14½ மணி நேரத்துக்குக் குறைந்தால் மொட்டு தோன்றும். அந்த மொட்டு வளர்ந்து விரிய வேண்டுமானால் பகல் 13½ மணிக்கும் குறைய வேண்டும். ரகத்துக்கு ரகம் இது கொஞ்சம் மாறும். உங்கள் லெனேசியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் டிசம்பர் மாத நீண்ட பகல் ஏறத்தாழ 13 மணி 45 நிமிடம். விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் இருக்கும் மங்கல் வெளிச்சத்தையும் செடி பகலாகவே எண்ணும். அதையும் கூட்டினால் 14 மணியைத் தாண்டிவிடும். மொட்டு வைக்க அந்த இரவு போதும், மொட்டை வளர்க்கப் போதாது. இரண்டு எல்லைக்கும் நடுவே உங்கள் செடி மாட்டிக்கொண்டது.

இப்படி நின்றுபோகும் மொட்டைப் பூ வளர்ப்பவர்கள் கிரவுன் மொட்டு என்பார்கள். அதை அடையாளம் காண்பது எளிது. மொட்டுக்கு நேர் கீழே உள்ள இலைகள் வழக்கமான வெட்டு விளிம்பு இல்லாமல் நாடா போல நீண்டு குறுகி இருக்கும். மொட்டின் கழுத்திலிருந்து இலைக்கிளைகள் மேலே ஓடும். அந்த நுனியை இரண்டு மூன்று இலையோடு சேர்த்துக் கிள்ளி எறிந்துவிடுங்கள். பக்கக் கிளைகள் எழும், பிப்ரவரி நடுவில் பகல் போதிய அளவு குறைந்ததும் அவற்றில் ஒழுங்கான மொட்டு வரும், ஏப்ரலில் பூக்கும்.

ஊரில் பாட்டி சொன்ன மாதக் கணக்கு இங்கே பொருந்தாததற்கும் இதுவே காரணம். தமிழ்நாட்டில் ஐப்பசியிலேயே இரவு பகலைவிட நீண்டுவிடுகிறது, மார்கழியும் தையும் செவ்வந்தி குவியும் காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்ட நமக்கு மார்கழியும் தையும் உச்சிக் கோடை. நாட்காட்டியில் தை வருகிறது, தை மாதத்து இரவு வருவதில்லை. அந்த இரவை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். சித்திரைக் காவடிக்குக் கவலையே இல்லை, அப்போது தோட்டத்திலேயே தானாகப் பூக்கும்.

தைப்பூசக் காவடிக்கு வீட்டில் விளைந்த செவ்வந்தியே வேண்டும் என்று ஆசை. கூடாரம், விளக்கு எல்லாம் வாங்கத் தயார். எதை எப்போது செய்ய வேண்டும்? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.
– சாட்ஸ்வொர்த் வாசகர்

முதலில் ரகம். செவ்வந்தி ரகங்களை, நீண்ட இரவு தொடங்கியதிலிருந்து பூ விரிய எத்தனை வாரம் ஆகும் என்பதை வைத்துப் பிரிப்பார்கள். தொட்டி ரகங்கள் பெரும்பாலும் 7 முதல் 10 வாரம். நர்சரியில் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தெரியவில்லை என்றால் 9 வாரம் என்று வைத்துக்கொண்டு, கோடைச் சூட்டுக்காக இன்னொரு வாரம் கூட்டுங்கள்.

பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி வருவதாக வைத்துப் பின்னோக்கி எண்ணுவோம். 10 வாரம் முன்னால், நவம்பர் 23இல், 12 மணி நேர இருட்டு தொடங்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு நுனி கிள்ள வேண்டும். கிள்ளுவதற்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 2 வாக்கில், வேர் பிடித்த கன்றைத் தொட்டியில் நட வேண்டும். வேர் பிடிக்க 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால் அக்டோபர் 19க்குள் நுனிக்குச்சி வெட்டியாக வேண்டும். பூசம் எந்தத் தேதியில் வந்தாலும் இதே கணக்கை நகர்த்திக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது தாய்ச்செடியை. குளிர்காலம் முழுவதும் இரவு நீளம், ஆகவே தாய்ச்செடியின் நுனிகள் மொட்டுக்கு முனைந்திருக்கும். அந்த நுனியை வெட்டி வைத்தால் வேர் வரும், ஆனால் ஒரு சாண் உயரத்திலேயே பூத்து முடிந்துவிடும். தாய்ச்செடிக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் 9 வாட் மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, இரவு 10 மணி முதல் 2 மணி வரை எரிய விடுங்கள். நடு இரவை உடைத்தால் செடி அதை இரண்டு குறுகிய இரவாக எடுத்துக்கொள்ளும், மொட்டு வைக்காது. சுமார் 100 லக்ஸ் வெளிச்சமே போதும்.

நுனிக்குச்சி 5 முதல் 7 செ.மீ. நீளம் இருக்கட்டும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, 0.1 சதவீத ஐ.பி.ஏ. (வேர் தூண்டும் ஹார்மோன்) உள்ள வேர்ப்பொடியில் அடியைத் தொட்டு, ஈரமான பெர்லைட்டில் (லேசான வெள்ளைக் கல்துகள்) செருகுங்கள். மேலே தெளிந்த பிளாஸ்டிக் மூடி. 18 முதல் 21 டிகிரி இருந்தால் நன்றாக வேர் பிடிக்கும். இந்த நாட்களிலும் பகல் நீளம் குறையக் கூடாது.

வாங்க வேண்டியவை: 60×60 செ.மீ. அடியும் 140 செ.மீ. அல்லது அதற்கு மேல் உயரமும் உள்ள கூடாரம், சுவரிலிருந்து உண்மையாகவே 60 வாட் இழுக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு, 100 மி.மீ. வாய் கொண்ட வெளியேற்று விசிறி, உள்ளே காற்றை அசைக்க ஒரு சிறு கிளிப் விசிறி, மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமர், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர். பெட்டியில் 600 வாட், 1000 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்பதே கணக்கு.

தொட்டி 15 செ.மீ. அகலம், நான்கு போதும். மண்ணுக்குத் தேங்காய் நார்க்கழிவு 7 பங்கு, பெர்லைட் 3 பங்கு. 650 கிராம் நார்க்கட்டி ஊறினால் 8 லிட்டர் அளவுக்கு உப்பும், நான்கு தொட்டிக்கு ஒரு கட்டி தாராளம். ஊற வைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு வைத்து வடித்துவிடுங்கள். நார் தன்னிடம் உள்ள பொட்டாசியத்தையும் உப்பையும் விட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் விட்டால் மூன்றாவது வாரம் இளம் இலையின் ஓரம் கருகும், காரணம் தெரியாமல் உரத்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தொட்டிக்கு மூன்று கன்று. நட்ட நாளிலிருந்து இருட்டு தொடங்கும்வரை விளக்கு தினம் 18 மணி நேரம். வேர் தொட்டியின் ஓரத்தைத் தொட்டதும் 6 அல்லது 7 இலை விட்டு நுனியில் 2 செ.மீ. கிள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கிளை வரும். ஒரு வாரம் கழித்து டைமரை 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என மாற்றுங்கள். அந்த நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள், எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான்.

விளக்கு செடியின் நுனியிலிருந்து 35 முதல் 40 செ.மீ. மேலே. சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல் வெளிச்சம் 12 மணி நேரம் விழுந்தால் நாளுக்கு 10.8 மோல் ஆகும், தொட்டிச் செவ்வந்திக்கு அது போதும். அதற்கான கருவி விலை அதிகம். போனில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டு நுனி மட்டத்தில் 15,000 முதல் 18,000 லக்ஸ் வருகிறதா என்று பாருங்கள், வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய அதே அளவு.

உரம்: நீரில் கரையும் 5:2:4 (43), லிட்டருக்கு 1 கிராம், ஒவ்வொரு தண்ணீரிலும். முதல் மூன்று எண்களும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம், அடைப்புக்குள் இருக்கும் 43 என்பது மூன்று சத்தும் சேர்ந்த மொத்த சதவீதம். அதில் 11இல் 5 பங்கு தழைச்சத்து, ஆக லிட்டருக்குச் சுமார் 195 மில்லிகிராம் கிடைக்கும். தண்ணீரின் பிஹெச் 5.8 முதல் 6.2. தொட்டியைத் தூக்கிப் பார்த்து லேசானதும் ஊற்றுங்கள், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு அடியில் வடிய வேண்டும். மொட்டில் நிறம் தெரிந்ததும் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் கொடுங்கள். கடைசிவரை உரம் ஊற்றிய செடியின் பூ பறித்தபின் சீக்கிரம் வாடும்.

ஒரு கிளைக்கு ஒரே பெரிய பூ வேண்டுமானால், பக்க மொட்டுகள் பட்டாணிக்கும் சிறியதாக இருக்கும்போதே விரலால் பக்கவாட்டில் தள்ளி உதிர்த்துவிடுங்கள். தாமதித்தால் காம்பில் தழும்பு விழும். மாலை கட்ட என்றால் மொட்டுகளை விட்டுவிடலாம், சிறிய பூக்களே நெருக்கமாகக் கோர்க்க வரும்.

கூடாரமும் விளக்கும் வாங்காமலேயே இதைச் செய்யவும் வழி உண்டு. கொல்லையில் வெயிலில் தொட்டியை வளர்த்து, மாலை 6 மணிக்கு இருட்டான கராஜிலோ அலமாரியிலோ வைத்துக் காலை 7 மணிக்கு வெளியே எடுங்கள். நிறம் தெரியும் வரை தினமும் இதைச் செய்ய வேண்டும், அதன்பின் தேவையில்லை. ஒரு நாள் மறந்தால் பூ ஒரு நாள் தள்ளிப்போகும். வாரக்கணக்கில் விட்டால் லெனேசியா வாசகியின் கதைதான். வீட்டில் தவறாமல் தொட்டி தூக்க ஆள் இருந்தால் நாங்கள் இந்த முறையையே சொல்வோம். வெயிலுக்கு ஈடான விளக்கு எதுவும் இல்லை.

கூடாரம் கேட்டுக் கடைக்குப் போனால் எல்லாமே டாகா, அதாவது கஞ்சா, வளர்க்கும் சாமான் என்கிறார்கள். அதை வாங்கிச் செவ்வந்திக்கு வைக்கலாமா? போலீஸ் தொல்லை வருமா? பெரியவர்கள் வீட்டில் பயப்படுகிறார்கள்.
– பீனிக்ஸ் வாசகி

பயப்பட ஒன்றுமில்லை. கூடாரம், விளக்கு, விசிறி எதுவும் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. டாகா விஷயத்திலேயே, வயது வந்தவர் தன் தனியிடத்தில் சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கும் பிரிவுகள் செல்லாது என்று 2018 செப்டம்பர் 18இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி வந்த சட்டத்தில் 2024 மே 28இல் அதிபர் ராமபோசா கையெழுத்திட்டார். விற்பது இப்போதும் குற்றம். அந்தத் தீர்ப்புக்குப் பின்புதான் இந்தக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன, அதனால் பூ வளர்ப்பவர்களுக்கு நல்ல சாமான் கைக்கெட்டும் இடத்தில் கிடைக்கிறது.

சாமான் பொருந்துவதற்கு உயிரியல் காரணமும் உண்டு. டாகாவின் வழக்கமான ரகங்களும் செவ்வந்தியைப் போலவே நீண்ட இரவில் பூப்பவை. வெளிச்சம் கசியாத தையல், இரட்டை மடிப்பு ஜிப், 12 மணி டைமர் எல்லாம் நமக்கும் அதே தேவை. ஆனால் கடைக்காரர் சொல்லும் விளக்கு அளவை ஏற்காதீர்கள். அந்தச் செடி செவ்வந்தியைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் கேட்கும். அந்த அளவு வைத்தால் செவ்வந்தியின் மேலிலை வெளிறி விறைக்கும். 100 வாட் விளக்குதான் கையில் இருக்கிறது என்றால் பாதிக்குக் குறைத்து எரியுங்கள். வாடையை அடக்கக் கரி வடிகட்டி ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். நமக்கு அது வேண்டாம், அந்தப் பணம் மிச்சம்.

இருட்டு 12 மணி ஒழுங்காகக் கொடுத்தும் ஐந்து வாரமாக மொட்டே இல்லை. இரண்டு தொட்டியில் மட்டும் ஒரு பக்கம் மொட்டு, மறுபக்கம் வெறும் இலை. ஸ்மார்ட் பிளக்கில் நேரம் வைத்திருக்கிறேன்.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

இரண்டு தனித்தனித் தவறுகள் தெரிகின்றன.

ஒரு பக்கம் மட்டும் மொட்டு என்றால், இலை உள்ள பக்கம் வெளிச்சம் கசிகிறது. இரவில் விளக்கு அணைந்தபின் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஜிப்பை மூடி, வெளியே அறை விளக்கைப் போடச் சொல்லுங்கள். கண் பழக ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். ஜிப் நுனி, விசிறிக் குழாய் வாய், மின்கம்பி நுழையும் ஓட்டை மூன்றிலும்தான் வழக்கமாகக் கசியும். கையிலுள்ள செய்தித்தாளின் தலைப்பு எழுத்து படிக்க வந்தால் அந்த வெளிச்சம் அதிகம். 20 லக்ஸுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது பூப்பண்ணைக் கணக்கு, வீட்டில் முழு இருட்டையே இலக்காக வையுங்கள். குழாய் வாயில் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டாம் என்றால் உள்புறம் கறுப்பு அடித்த குழாயை இரண்டு முறை வளைத்துப் பொருத்துங்கள். நிலா வெளிச்சம் அரை லக்ஸ்கூட வராது, அதற்கு அஞ்ச வேண்டாம். தெருவிளக்குக்கு அஞ்சுங்கள். பச்சை விளக்கு பாதிக்காது என்று சொல்வதையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கலாம், மணிக்கணக்கில் எரிந்தால் அதுவும் இரவை உடைக்கும்.

மொத்தமாக மொட்டே வராததற்கு ஸ்மார்ட் பிளக்கைச் சந்தேகப்படுகிறோம். லோட் ஷெடிங் முன்போல் இல்லாவிட்டாலும் பகுதி பகுதியாக மின்சாரம் போய்வருவது நிற்கவில்லை. பல ஸ்மார்ட் பிளக்குகள் மின்சாரம் திரும்பியதும் தானாக ‘ஆன்’ நிலைக்குப் போகும், அடுத்த கட்டளை நேரம் வரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இரவு 2 மணிக்கு மின்சாரம் வந்தால் விடியும்வரை வெளிச்சம், நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். செயலியின் அமைப்பில் மின்சாரம் திரும்பும்போது என்ன நிலை என்று ஒரு தேர்வு இருக்கும், அதை ‘ஆஃப்’ ஆக்குங்கள். பிறகு இருட்டு நேரத்தில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் திரும்பச் செருகிச் சோதியுங்கள்.

பல் சக்கரம் சுற்றும் மலிவு டைமரில் இந்த ஆபத்து இல்லை. மின்சாரம் போனால் அது நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுற்றும். இரவு நீளுமே தவிரக் குறையாது, அதனால் பூ கெடாது. ஆனால் இரண்டரை மணி நேர வெட்டு நாலு முறை வந்தால் கடிகாரம் 10 மணி நேரம் பின்தங்கும். செடியின் நடு இரவு உங்கள் பகலில் வந்து விழும், அது தெரியாமல் ஜிப்பைத் திறந்து தண்ணீர் ஊற்றுவீர்கள். மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமரை முதலிலேயே சொன்னது இதனால்தான்.

பூ விரிந்து பாதியிலேயே இதழ்களில் தண்ணீர் பட்டாற்போல் பழுப்புப் புள்ளி. இரண்டு நாளில் சாம்பல் நிறப் பஞ்சு. பகலில் மீட்டர் 65 சதவீதம்தான் காட்டுகிறது. பின் ஏன் அழுகுகிறது?
– டோங்காட் வாசகி

பகலில் பார்த்த எண்ணை நம்பி இரவை மறந்துவிட்டீர்கள். கூடாரத்தில் பகல் 24 டிகிரி, ஈரப்பதம் 65 என்று வைப்போம். விளக்கு அணைந்ததும் வெப்பம் 17க்கு இறங்கினால் அதே காற்று, அதே ஈரம், இப்போது 100 சதவீதம். இதழ்மேல் பனி கட்டும். சாம்பல் பூஞ்சணத்துக்கு வேண்டியது அந்தச் சில மணி நேர ஈரமும் மென்மையான இதழும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று விளக்கோடு சேர்த்து விசிறியையும் ஒரே டைமரில் இணைப்பதே இந்த அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம். வெளியேற்று விசிறியும் உள்விசிறியும் 24 மணி நேரமும் ஓட வேண்டும். விசிறியைப் பூவுக்கு நேராகத் திருப்பாமல் பூவுக்கு மேலே காற்று போகும்படி வையுங்கள்.

குறைந்த, கூடிய அளவை நினைவில் வைத்திருக்கும் மீட்டர் வாங்கிக் காலையில் இரவு எண்ணைப் பாருங்கள். பூ விரியும் வாரங்களில் இரவில் 80ஐத் தாண்டக் கூடாது, 70க்குள் இருந்தால் நிம்மதி. தண்ணீரைக் காலையில் விளக்கு எரியத் தொடங்கியதும் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றினால் அந்த ஈரம் இரவுக் காற்றில் போய்ச் சேரும். தட்டில் வடிந்த தண்ணீரை உடனே எடுத்துவிடுங்கள்.

கடற்கரைக் கோடையில் வெளிக்காற்றே ஈரம் கனத்து வருகிறது. அதையே உள்ளே இழுத்து வெளியே தள்ளும் விசிறி ஓரளவுக்குத்தான் உதவும். கூடாரம் இருக்கும் அறையில் ஏ.சி. இருந்தால் ‘டிரை’ நிலையில் வைக்கலாம், இல்லாவிட்டால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். இரண்டும் முடியாது என்றால் நெருக்கத்தைக் குறையுங்கள்: நான்கு தொட்டிக்குப் பதில் மூன்று, அடியிலைகளில் மூன்றில் ஒரு பங்கு நீக்கம். புள்ளி விழுந்த பூவை உதறாமல், பிளாஸ்டிக் பைக்குள் விட்டு மூடி அப்படியே வெட்டுங்கள். உதறினால் தூள் அடுத்த பூவில் போய் இறங்கும். விரிந்த பூமேல் பூஞ்சணக்கொல்லி அடிப்பதை நாங்கள் ஒப்பமாட்டோம், சுவாமிக்கு வைக்கும் பூ, குழந்தைகள் தொடும் பூ.

இலையின் அடியில் வெள்ளை மெழுகுக் கொப்புளமும் மேலே மஞ்சள் புள்ளியும் கண்டால் அது வேறு, வெள்ளைத் துரு. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அதிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது.

விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலை இருட்டாக்கினால் கூடாரம் சூடாகாது என்று கடையில் சொன்னார்கள். சரியா?
– வெருலம் வாசகர்

டர்பன் பக்கத்துக் கோடைக்குத் தவறு. விளக்கின் சூட்டை மட்டும் பார்த்தால் சரியாகத் தோன்றும். செவ்வந்தியின் மொட்டுக்கு மிக முக்கியம் இருட்டு வேளையின் வெப்பம். 16 முதல் 18 டிகிரியில் மொட்டு விரைவாக அமையும், இருட்டில் 30ஐ நெருங்கினால் வாரக்கணக்கில் தாமதமாகும், பூவும் ஒழுங்கற்று வரும். பகலின் உச்சச் சூட்டை இருட்டு வேளையாக்கினால் இதுவே நடக்கும். இரவு 8 முதல் காலை 8 வரை இருட்டாக வையுங்கள், நாளின் குளிர்ந்த பகுதி அதுதான். பகல் சூட்டை விசிறி வேகத்தால் சமாளிக்கலாம்.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா குளிர்காலத்தில் அதே ஆலோசனை சரியாகிவிடும். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

ஜூனில் தொடங்கினேன். செடி அசையவே இல்லை. வெள்ளைப் பூ ரகம், வந்த ஓரிரு பூவும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. இலையில் ஊசிமுனைப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை.
– லாடியம் வாசகர்

குளிர், வறட்சி, அவை அழைத்து வந்த செஞ்சிலந்தி. வெள்ளை இதழில் சிவப்பு ஏறுவது குளிரின் அடையாளம், ரகம் மாறிவிடவில்லை. ஹைவெல்ட் மேட்டுநிலத்து இரவில் சூடேற்றாத அறை 10 டிகிரிக்குப் போகும், 13க்குக் கீழே மொட்டு வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். விளக்கை மாலை 6 முதல் காலை 6 வரை எரியவிடுங்கள், விளக்குச் சூடு குளிர்ந்த வேளைக்குப் பயன்படும். பகலில் அறை தானாக 16, 17 டிகிரி இருக்கும், அது இருட்டுக்கு ஏற்ற அளவு. தொட்டியைத் தரை ஓட்டில் வைக்காமல் ஒரு பலகை அல்லது பாலிஸ்டைரீன் மேல் வையுங்கள். தெர்மோஸ்டாட்டோடு கூடிய 20 வாட் சூட்டு விரிப்பை அடியில் போட்டு வேர்ப்பகுதியை 18இல் நிறுத்தினால் போதும், அறை முழுவதையும் சூடாக்க வேண்டாம். ஹீட்டரைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், துணி பற்றும்.

செஞ்சிலந்திக்கு, இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 10 மி.லி. பொட்டாசியம் சோப்புக் கரைசலைச் சொட்டும்வரை தெளியுங்கள். சோப்பு முட்டையைக் கொல்லாது. ஆகவே ஐந்து நாளுக்கு ஒரு முறை, மொத்தம் மூன்று முறை. விளக்கை மங்கலாக்கி, இருட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் அடித்து, விசிறியில் காயவிடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. சேர்க்கலாம், ஆனால் நிறம் தெரிந்த மொட்டில் பட்டால் இதழ் கறைபடும். அந்த நிலைக்கு வந்தபின் வெறும் தண்ணீரும் கைவிரலும்தான் மருந்து.

வெள்ளிக்கீறல் போல இதழ் ஓரம் சுரண்டப்பட்டிருந்தால் அது இலைப்பேன். மொட்டுக்குள் ஒளிந்துகொண்டால் எதுவும் எட்டாது, இருட்டு தொடங்கிய முதல் வாரமே நீல ஒட்டுப் பொறி இரண்டைச் செடி நுனி உயரத்தில் தொங்கவிட்டு எண்ணிக்கை பாருங்கள்.

பூ பெருக்கும் மணிச்சத்து மருந்து ஒரு பாட்டில் வாங்கலாமா?
– ஸ்டாங்கர் வாசகி

வேண்டாம் அம்மா. மேலே சொன்ன உரத்திலேயே தேவையான மணிச்சத்து இருக்கிறது. கூடுதலாக ஊற்றினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போய் இளம் இலை மஞ்சளாகும். அந்தக் காசில் நல்ல டைமர் வாங்குங்கள்.

மின்சாரச் செலவு எவ்வளவு ஆகும்? ப்ரீபெய்ட் மீட்டர் வீடு.
– மெரபேங்க் வாசகர்

60 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.72 யூனிட். விசிறிகள் இரண்டும் சேர்ந்து 20 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 0.48. ஆக 1.2 யூனிட். பூக்கும் பத்து வாரத்துக்கு 84 யூனிட். முன்னதாக 18 மணி நேரம் எரியும் மூன்று வாரத்துக்கு 33 யூனிட் சேருங்கள். யூனிட் 3.50 ராண்ட் என்று வைத்தால் மொத்தம் 410 ராண்டு அளவில் முடியும். உங்கள் டோக்கனில் என்ன விலை வருகிறதோ அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் சேர்ந்தால் இது இரட்டிப்பையும் தாண்டலாம்.

பூ முடிந்த செடியைத் தூக்கி எறிவதா?
– சாட்ஸ்வொர்த் வாசகி

எறியாதீர்கள். தரையிலிருந்து 10 செ.மீ. விட்டு வெட்டி, வெளியே பாதி நிழலில் வையுங்கள். அடியிலிருந்து புதுத் தளிர்கள் எழும். நோயில்லாத, நன்றாகப் பூத்த இரண்டு செடியை மட்டும் தாய்ச்செடியாக வைத்து, மார்ச் தொடங்கியதும் அந்த 9 வாட் பல்பை நடு இரவில் எரியத் தொடங்குங்கள். நூலாம்படை கண்ட செடியும் புள்ளி விழுந்த செடியும் தாயாக வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நர்சரியிலிருந்து புதுக் கன்று வாங்கித் தாயை மாற்றுங்கள், பழந்தாயில் வைரஸ் சேர்ந்து பூ சிறுத்துக்கொண்டே போகும். எந்தத் தொட்டி எந்த ரகம், எத்தனை வாரத்தில் பூத்தது என்று தொட்டியிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை வெயிலில் அழிந்துவிடும்.